மூடுபனியில் யாரையும் கூப்பிடாத ராஜா

ஈர ஸ்வெட்டர் வாசனை... ஏற்காட்டில் நான் பாடம் நடத்திய முதல் வருஷத்தை நினைத்தாலே மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மார்கழியில் ஜன்னல் வழியே பனி வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். போர்டு ஈரமாகி சாக்பீஸ் வழுக்கும்.

நான் சேலத்துக்காரி. பனியைக் கண்டாலே வாயைப் பிளந்த காலம் அது.

பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு பழைய ஆங்கில நாடகம் பாடம். தம்பி மேல் பொய்ப்பழி போட்டு நாட்டை விட்டே துரத்திய ராஜாவின் கதை. திரும்பத் திரும்ப வருவது மோட்டிஃப், அது சொல்ல வருவது தீம் என்று புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஹெட்மாஸ்டருக்கோ கவலை. முந்தின வருஷம் பாதிப் பேர் பரீட்சையில் இந்த மோட்டிஃப், தீம் கேள்வியில்தான் கோட்டை விட்டார்களாம். கைடில் இருப்பதை மனப்பாடம் செய்ய வையுங்கள் என்றார். நான் மாட்டேன் என்றேன். வயசு அப்படி! அடுத்த வாரம் நானே வந்து கேட்பேன், பதில் வராவிட்டால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே கேட்டேன், இந்த நாடகத்தில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று. வாள் என்றார்கள், கிரீடம், குதிரை... ஒவ்வொரு அங்கத்திலும் மூடுபனி இறங்குகிறது, அதை ஒருத்தரும் சொல்லவில்லை. நானே சொன்னதும் வகுப்பே சிரித்தது. பக்கத்து மலைக்கிராமம் கரடியூரிலிருந்து வரும் கவிதா எழுந்து நின்றாள்.

"அது தெனமும் வர்றதுதானுங்களே மிஸ். அதையெல்லாமா எழுதுவாங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பனி வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள், அப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள் என்று சொல்லி விட்டுவிட்டேன். அர்த்தம் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஹெட்மாஸ்டர் சொன்னபடியே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் கைடு. மூடுபனி எதைக் குறிக்கிறது என்று கேட்டார். கைடில் இருப்பது ஒரே வார்த்தை, ஆபத்து. பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிப் பென்சில் கோடுகளைத் தேடினார்கள்.

கவிதாதான் எழுந்தாள்.

"எங்கூர்ல பனி எறங்குனா கூப்பிட்டுக்கிட்டேதான் நடப்போமுங்க சார். முன்னால போறவங்க கொரல் குடுப்பாங்க, பின்னால வர்றவங்க பதில் குடுப்பாங்க. அதனால பனின்னா பயமில்லீங்க. இந்த ராஜா ஒவ்வொரு தடவையும் பனிக்குள்ள போறாரு, ஒருத்தரையுங் கூப்பிடலீங்க. தம்பியத் தொரத்தி உட்டப்புறம் கூப்பிட ஆளே இல்லீங்க."

"அப்ப தீம் என்ன கண்ணு?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"தனியா ஆயிட்டாருங்க. அவராத் தேடிக்கிட்டதுங்க."

நான் யோசித்து வைத்திருந்த அர்த்தம்கூட அது இல்லை. அதைவிட நல்லது!

ஹெட்மாஸ்டர் கைடை மூடிவிட்டு என் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். மணி அடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்து படித்தார். மறுநாள் காலையில் வகுப்பு வாசலில் நின்று, கடைசிக் காட்சியில் ராஜா வாய் திறக்கிறாரே, அது கூப்பிடுவதில் சேருமா சேராதா என்று பிள்ளைகளிடமே கேட்டார். ஒரு பீரியட் முழுக்க ஒரே சண்டை. வகுப்பை மாற்றும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

இப்போது சேலத்தில் ஒரு பள்ளியில் இருக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வழுக்குவதில்லை. தீம் என்ன என்று கேட்டு முடிப்பதற்குள் போனில் பதில் தயார். நல்ல பதில்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பதில் தெரியாமல் ஒரு வகுப்பே சேர்ந்து முழித்த அந்த ஒரு வாரம் இவர்களுக்குக் கிடைப்பதில்லையே என்று சில நாள் தோன்றும்.

போன மாதம் கவிதா கூப்பிட்டாள். மலையடிவாரத்தில் குப்பனூர்ப் பக்கம் ஆங்கில டீச்சர். அதே நாடகத்தை நடத்துகிறாளாம். உன் பதிலைச் சொல்லிக் கொடுத்தாயா என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்லீங்க மிஸ். இங்க இருக்கற புள்ளைங்க பனியக் கீழ இருந்துதான் பாத்திருக்குதுங்க. அதுங்க என்ன சொல்லுதுங்கன்னு கேக்கோணுமுங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல... காத்துட்டு இருக்கறேனுங்க."