தண்ணீருக்குக் காத்திருந்த வரைபடங்கள்

புரட்டாசி மாதக் காலை. வலங்கைமான் பக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் மருதங்கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோழி கலைச்செல்வியின் கணவர் சேகர் போனில் கூப்பிட்டார். "ரேவதி, கலை போயிட்டா" என்றார். நெடுநாள் நோயோடு இருந்தவள்தான், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பண்ணைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கன்னுங்கள எடுத்து வைக்கட்டுங்களா, வேணாங்களா?" எடுத்து வைக்கச் சொன்னேன்.

கலை கீழ்வேளூர்க்காரி என்பதை அவளை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லியிருப்பாள். நாங்கள் இருவரும் கட்டடக்கலை முடித்து, அதற்குமேல் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்கிற நிலவெளி வடிவமைப்பு படித்தோம். வீட்டு விசேஷம் ஒன்றில் அவளுடைய மாமா பந்தியில் வைத்தே கேட்டார்: "செடி வைக்கிறதுக்கா இத்தன வருஷம் படிச்ச?" கலை சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "வரப்பு எங்க, மடை எங்கன்னு நீங்க வயலுக்கு யோசிக்கிறீங்கள்ல மாமா, அதையே நான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் யோசிக்கிறேன். அங்க யாரும் யோசிக்கிறதில்ல." மாமா ரசத்துக்குப் போய்விட்டார். அடுத்த விசேஷத்தில் அவரே இவளை எல்லோருக்கும் 'பூமி இன்ஜினியர்' என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பட்டத்தை அவள் கடைசிவரை விடவில்லை.

தஞ்சாவூரில் நாங்கள் இருவரும் தொடங்கிய அலுவலகத்துக்கு வந்த முதல் பெரிய வேலை, மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரி வளாகம். கோடையில் போய்ப் பார்த்தோம். நிலத்தின் குறுக்கே, ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதை ஒன்று போனது. அதன்மேல் கல் பாவி, இருபுறமும் பெஞ்சு போட்டுக் கலை அழகாக வரைந்தாள். வேலை தொடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தால் 'பாதை' நிறையத் தண்ணீர் ஓடுகிறது. அது வடிகால் வாய்க்கால். கோடையில் காய்ந்து கிடக்கும்போது சனங்கள் அதில் இறங்கி நடப்பார்கள். கீழ்வேளூர் வயல் சேற்றில் வளர்ந்தவளே ஏமாந்துபோனாள்.

நேராகத் தாளாளரிடம் போய், "தப்பு என்னோடதுங்க ஐயா. வாய்க்கால வழின்னு நெனச்சு வரைஞ்சுட்டேன்" என்றாள்.

"நீங்க கீழ்வேளூர்னுதானம்மா சொன்னீங்க?"

"ஆமாங்க ஐயா. அதான் ரொம்ப வெக்கமா இருக்கு."

பெரியவர் சிரித்துவிட்டார். வேலை கைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் அந்த வாய்க்கால் வாய்க்காலாகவே ஓடுகிறது. கரை நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள்.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரே சட்டம்தான். "தண்ணியப் பாக்காம கடைசிக் கோடு போடாத." ஐப்பசி அடைமழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிலமாக நடப்போம். அவசரக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். எனக்குச் சலித்துவிட்டது. பெங்களூரில் ஒரு வேலை கிடைத்ததும் போகிறேன் என்றேன். "போ. ஐப்பசி முடிஞ்சு போ" என்றாள். ஐப்பசி முடிந்தது, நான் போகவில்லை. இந்த ஊரில் இந்தத் தொழிலுக்கு இடம் உண்டு என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை எனக்கு வர நாளாயிற்று.

அவளுடைய கடைசி வேலை, வலங்கைமான் பக்கம் ஒரு மருத்துவமனையின் முற்றம். அதைப் படுக்கையில் இருந்தபடியே வரைந்தாள். சிகிச்சைக்காக அலைந்த நாட்களில், சேகர் வெயிலில் நின்றதைப் பார்த்தவள் அவள். "மருந்த டாக்டர் பாத்துக்குவாங்கடி. கூட வந்தவங்களுக்கு நெழல் வேணும்" என்பாள். வரைபடத்தை என்னிடம் கொடுத்தபோது, "தண்ணிய நீ பாத்துடு" என்றாள்.

அவள் போன மறுமாதம், ஐப்பசியில், சேகரோடு அந்த முற்றத்துக்குப் போனேன். அவள் கை பட்ட கடைசி வரைபடம் அது. ஒரு கோட்டைக்கூட மாற்றுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். மழை கொட்டியது. தண்ணீர் அவள் நினைத்த வழியிலேயே வந்து, வரைபடத்தில் அவள் பெஞ்சு போட்டிருந்த இடத்தில் போய்த் தேங்கி நின்றது. குடைக்குள் நின்று அழுதேன். பிறகு ரப்பரை எடுத்து அந்தப் பெஞ்சை அழித்தேன்.

"கலை போட்டத அழிக்கிறீங்களா?" என்றார் சேகர்.

"ஆமாங்க. அவ சொன்னபடிதான் செய்யறேன்."

அவர் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தார். பிறகு, வரைபடம் நனையாதபடி தன் குடையையும் அதன்மேல் சாய்த்துப் பிடித்தார்.

பெஞ்சு மேட்டுக்குப் போயிற்று. பண்ணையில் எடுத்து வைக்கச் சொன்ன மருதங்கன்றுகளை, தண்ணீர் தேங்கிய இடத்தில் நட்டோம். ஈரத்தை விரும்பும் மரம் அது. எல்லாக் கன்றும் துளிர்த்திருக்கிறது. எங்கள் பெயர்ப்பலகையில் இரண்டு பெயர்களும் அப்படியேதான் இருக்கின்றன. கலையின் வரைபடங்களை யார் கேட்டாலும் கொடுப்பேன். தன் கோட்டைத் தண்ணீர் மறுத்தால் சிரித்துக்கொண்டே அழிக்கிற அந்த மனசை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். அடுத்த ஐப்பசிக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் இந்த ஊரில்தான் நடப்பேன்.