மணல் தின்ற பிளேடு

மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊரில் முதலாளியோடு அடிதடியாகிவிட, ஈப்போ பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பழைய ஈயச்சுரங்க நிலத்தில் ஒருவர் கிழட்டுப் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். அது கரகரவென்று மணலை அரைத்தது. சூடான இரும்பு வாடை மூக்கில் ஏறியதும் அப்பாவின் உடைந்த பல் நினைவுக்கு வந்தது.

நான் சிறுவனாயிருந்தபோது, எஸ்டேட்டில் துரை பங்களாவின் புல்லை அப்பாதான் வெட்டினார். பாம்புக்குப் பயந்து, தரையை ஒட்டியே வெட்டச் சொல்வார் கூலிகளை மேய்க்கும் கங்காணி. தரையோ மணல். பிளேடு சீக்கிரமே தேய்ந்துவிடும்.

"புது பிளேட வித்துட்டு பழச மாட்டுறியாடா?" என்று கங்காணி, குனிந்திருந்த அப்பாவின் வாயில் உதைத்தார். முன்பல் ஒன்று உடைந்தது.

அப்பா பிளேடைக் கழற்றிக் காட்டினார். "பின்பக்கம் பாருங்கய்யா, காயிதமா தேஞ்சிருக்கு. புல்ல மட்டும் வெட்டுனா முன்பக்கந்தான் தேயும். மணலு அறுக்குதுலா. கொஞ்சம் உசத்தி வெட்ட விடுங்க."

"எனக்கே சொல்லித் தரியா?"

மறுபடி உதைத்தார். அப்பா அந்தப் பிளேடாலேயே அவர் கன்னத்தைக் கிழித்தார். அன்று மாலையே கூலிகளுக்கான லயத்து வீட்டிலிருந்து எங்கள் பாத்திரங்களை வெளியே வீசினார்கள். அன்று தொடங்கிய நடை இது.

கரகரப்பு நின்றது. அந்த மனிதர் மெஷினை எட்டி உதைத்தார். "பிளேடும் போச்சு, வேலக்காரனும் ஓடிட்டான்லா!"

"நாளைக்கு நான் வாரேண்ணே," என்றேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். "தரையோட வெட்டுடா," என்றார். நான் மெஷினை உயர்த்தி வைத்து, அவர் வாங்கி வைத்திருந்த புது பிளேடை மாட்டினேன். தேய்ந்த பிளேடை அவர் பார்க்கும்படி இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினைக் கிளப்பினேன்.