கிண்ணத்தில் மிஞ்சிய பாதி

பிரபு என்ற பட்டம் லாக்லனுக்குச் சற்றுத் தொளதொளப்பான சட்டை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் சில மலைச்சரிவுகளும் ஓர் ஓடையும் கோட்டை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கல்வீடுமே அவனுடைய ஆட்சி.

பிரபுக் குழந்தைகள் குடியானவர் வீட்டில் வளர்வது அப்பள்ளத்தாக்கின் வழக்கம். அவ்வாறே அவன் கைக்குழந்தையாகப் பெத்தாக் என்பவளிடம் ஒப்படைக்கப்பட்டான். அவளுடைய மகன் ஃபின்லேயும் அவனும் ஒரே தாயின் பால் குடித்தார்கள். வளர்ந்தபின் ஒரே மரக்கிண்ணத்தில் மோர் குடித்தார்கள். முதலில் குடிப்பவன் சரிபாதி மிச்சம் வைக்கவேண்டும். குறைந்தால், பெத்தாக்கின் கரண்டிக்காம்பு யார் மகன் என்று பார்க்காது.

லாக்லன் சிலுவைப் போருக்குச் சபதம் ஏற்றபோது, பால்குடித் தம்பியான ஃபின்லேயும் உடன் புறப்பட்டான். வழியனுப்ப வந்த பெத்தாக் மகனிடம், "டேய், இவன் கால் நனைஞ்சா இருமுவான். பாத்துக்கோ" என்றாள்.

"பிரபுவை இப்படியா பேசுறது?" என்று லாக்லன் சிரித்தான்.

"பிரபுவாம்! உன் மூக்கைத் தொடைச்சுவிட்டவளே நான்தான்டா."

துனிசுக் கரையில், போர் தொடங்குமுன்பே, முகாமில் வயிற்றுக்கடுப்பு பரவியது. ஃபின்லே அதில் இறந்தான். பிரபுக்கள் இறந்தால் உடலைக் கொதிக்கவைத்து எலும்புகளை ஊருக்கு அனுப்புவார்கள்; மற்றவர்களுக்கு மணல்தான். லாக்லன் அதற்கு இணங்கவில்லை. தன் பெயருக்குரிய மரியாதையைத் தம்பிக்குச் செய்வித்து, எலும்புகளைத் தன் பெட்டியில் வைத்துத் தன் முத்திரையை இட்டான். மறுநாளே அவனும் காய்ச்சலில் விழ, பெட்டி மட்டும் கப்பலேறியது.

நெடுங்காலம் கழித்து ஊர் ஓடையருகே வந்த லாக்லனைக் கண்டு, அக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த நீல் கோலை நழுவவிட்டான்.

"ஐயா, ஆவின்னா ஓடுற தண்ணியைத் தாண்டாது. கொஞ்சம் தாண்டிக் காட்டுங்க."

லாக்லன் தாண்டினான்.

"அட, உசிரோடதான் இருக்கீங்க! அப்ப உங்க அடக்கத்துல நான் அழுத அழுகைக்கு யாரு பதில் சொல்றது? சாப்பாடு மட்டும் நல்லா இருந்துச்சு. பெட்டியில உங்க முத்திரை இருந்துச்சு. கோவிலுக்குள்ள உங்கப்பா கல்லறைக்குப் பக்கத்துலயே வெச்சோம். அப்படின்னா..." நீலின் சிரிப்பு நின்றது. "அது ஃபின்லேயா?"

"பெத்தாக் அம்மாவுக்குத் தெரியுமா?"

"உங்களுக்காக அழுது ஓஞ்சுட்டா. மகன் வருவான்னு தினமும் மோர் ஊத்தி வெக்கிறா."

லாக்லன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். பெத்தாக் அவனைக் கண்டாள். ஓடிவந்து கன்னங்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"கண்ணு, செத்துட்டேன்னாங்களே உன்னை! பாவிங்க!" என்று அழுதாள், சிரித்தாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவன் எங்க? நீலோட பேசிக்கிட்டு நிக்கிறானா?"

"அம்மா, அந்தப் பெட்டியில..."

"சொல்லாத. கொஞ்ச நேரம் சொல்லாத. கால் நனைஞ்சிருக்கு பாரு."

கணப்பருகே அவனை உட்காரவைத்தாள். செருப்பைக் கழற்றினாள். விரல்விரலாக, அவசரமின்றி, இரண்டு பாதங்களையும் துடைத்தாள். துணியை மடித்து வைத்துவிட்டு, "இப்ப சொல்லு" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. மகனுக்காக ஊற்றிவைத்திருந்த கிண்ணத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பிரபு வீட்டுக் கல்லறையில இருக்கான். தோண்டி வெளியில போட்டுருவாங்களாடா?"

"நான் இருக்கிற வரைக்கும் எவனும் கைவைக்க மாட்டான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் பக்கத்துல படுத்திருப்பேன்மா."

தாகத்தோடு குடித்தவன் பழக்கத்தால் சரிபாதியில் நிறுத்திவிட்டான். கிண்ணத்தைப் பக்கவாட்டில் நீட்டினான். வாங்க அங்கு யாருமில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

பெத்தாக் அவனருகே வந்து, ஃபின்லே உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை வாங்கி அளவைப் பார்த்தாள்.

"சரியாத்தான் வெச்சிருக்க" என்று சொல்லி, மீதியைக் குடித்தாள்.