மைனி பங்கு வைத்த சாக்லேட்

சாக்லேட் உறை பிரியும் சரசரப்பைக் கேட்டால் மற்றவர்களுக்கு விருந்து ஞாபகம் வரும். எனக்கு எங்கள் வீட்டு முன்னறையில் கிடந்த சவப்பெட்டிதான் ஞாபகம் வருகிறது. தம்பானூரில் கடை வைத்து, கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சாக்லேட் தட்டு அடுக்கிக் கொடுத்துப் பிழைப்பவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். கடையில் சொல்ல மாட்டேன், இங்கே சொல்கிறேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். அப்பாவுக்கு மலையாளப் பக்கம், சாலைக் கடைவீதியில் பாத்திரக் கடை வேலை என்பதால் கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அண்ணன் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். அவன் லீவில் வந்து பெட்டியைத் திறந்தால், சோப்பும் சென்ட்டும் சாக்லேட்டும் கலந்த ஒரு வாசனை தெருமுனை வரைக்கும் போகும். எங்கள் தெருவில் துக்கம் விசாரிக்க வராதவர்கள்கூட சாக்லேட் விசாரிக்க வந்துவிடுவார்கள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். பங்கு வைப்பது மைனியின் வேலை. கட்டிலில் எல்லாவற்றையும் கொட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சர்க்கரை வியாதி மாமாவுக்குக் கசப்புச் சாக்லேட். பல் போன பெரியப்பாவுக்கு வாயில் வைத்ததும் கரைகிற பால் சாக்லேட். பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் இருப்பதிலேயே நல்லது, பாதாம் வைத்தது. கேட்டால், “தின்னுட்டு வாயத் தெறக்க முடியாம இருக்கட்டும்” என்பாள். யாருக்கு எது என்று அவள் ஒருநாளும் யோசித்து நான் பார்த்ததில்லை. கை தானாகப் போகும்.

அந்த முறை அண்ணன் வர வேண்டியது மகளின் ஞானஸ்நானத்துக்கு. விருந்துக்கு வருகிறவர்களை நினைத்து நினைத்து மைனி போனில் சொல்ல, அவன் வாங்கிப் பெட்டி கட்டினான். புறப்படுவதற்கு முந்தின நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனோடு ஒரே அறையில் இருந்த கொல்லத்துக்காரர்தான் உடலைக் கொண்டுவந்தார். ஆம்புலன்ஸிலிருந்து அண்ணனை இறக்கினார்கள். பிறகு அவன் பெட்டியை இறக்கினார்கள். கயிறு கட்டி, மேலே அவன் கையெழுத்தில் வீட்டு முகவரி.

மைனி அழவில்லை. அழச் சொல்லிப் பார்த்தார்கள், பிள்ளையை மடியில் போட்டுப் பார்த்தார்கள். போதகர் ஜெபம் முடித்ததும் எழுந்து உள்ளே போனாள். கத்தியால் கயிற்றை அறுத்தாள். வெளியே வந்தபோது பெரிய தட்டு நிறையச் சாக்லேட். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அப்பாவோடு பிறந்த அத்தைதான் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்கா? சாவு வீட்டுல மிட்டாயா குடுப்பாவ?”

“அவிய வந்தா நான் குடுப்பேம்லா அத்தை. அவிய வந்தாச்சு.”

அத்தை கையை விட்டுவிட்டாள். மைனி சவப்பெட்டியைச் சுற்றி ஒவ்வொருவராகப் போனாள். “மாமா, ஒங்களுக்குச் சக்கரை உண்டும்லா, இதத் தின்னுங்க” என்று கசப்புச் சாக்லேட்டைக் கொடுத்தாள். பெரியப்பாவுக்குப் பால் சாக்லேட். எதிர்வீட்டு அக்காவுக்குப் பாதாம். ஒரு கைகூட மாறவில்லை. வாங்கியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில், கூட்டம், புழுக்கம். உள்ளங்கையில் சாக்லேட் இளகிக்கொண்டிருந்தது. அப்பாதான் முதலில் உறையைப் பிரித்தார். மகனின் தலைமாட்டில் நின்றுகொண்டு வாயில் போட்டு, வெகு நேரம் மென்றார். பிறகு எல்லோரும் பிரித்தார்கள். அந்த வீட்டில் அப்போது வேறு சத்தமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. இன்றும் கடை நிறைய ஆள் இருக்கும்போது திடீரென்று அந்தப் பயம் வரும், கையில் இருப்பதை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பேன்.

அந்தக் குழந்தை வளர்ந்து, போன மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். அப்பன் கையால் சாக்லேட் கிடைக்காத மகள், அதனால் சாக்லேட் மேசை பெரிதாக இருக்க வேண்டும் என்று மைனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவளே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தாள். ஹாலில் ஏ.சி. சுமார்தான், உள்ளே கூழாக இருப்பது வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் கோட்டயம்காரர்கள், கசப்பு கொஞ்சம் கூடுதல். சின்னப் பிள்ளைகளுக்குப் பருப்பு கலந்தது எட்டாத தட்டில். எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

நிச்சயத்தன்று ஒரு சின்னத் தட்டைத் துடைத்து மேசையோரத்தில் வைத்தாள். அண்ணனுக்குப் பங்கு என்றாள். எங்கள் சபையில் செத்தவர்களுக்குப் பங்கு வைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அவள் கை மேசைக்கு மேல் போனது, அங்கேயே நின்றுவிட்டது. பால் சாக்லேட்டைத் தொட்டாள், விட்டாள். பாதாமுக்குப் போனாள், திரும்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மக்கா, ஒங்க அண்ணனுக்கு எது பிடிக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவள், தெரியவில்லை. விருந்துக்கு வந்திருந்த கொல்லத்துக்காரரிடம் ஓடினோம். அவருக்கு வயதாகிவிட்டது.

“அவன் ஒண்ணு தின்னு நான் கண்டிட்டில்ல, மோளே. கடைக்குப் போனா எல்லாம் வீட்டுக்குத்தான் வாங்குவான். நீ ஒண்ணு தின்னுடான்னு பறஞ்சா, அங்க ஒரு ஆளுக்குக் குறைஞ்சு போகும்னு சிரிப்பான்.”

மைனி தலையாட்டினாள். வீட்டில் அவள் பங்கு வைக்கும்போது, அவன் சுவரில் சாய்ந்து வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருப்பான். ஊருக்கெல்லாம் எடுத்த கை அவனுக்கு என்று ஒன்றை எடுத்ததே இல்லை. அது அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே போய் நின்றாள். சின்னத் தட்டு காலியாகவே இருந்தது.

இப்போது புதுச் சரக்கு வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் பஸ் ஏறி வருவாள். நான் ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். நுனியைக் கடித்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். வாடிக்கையாளர்கள் இனிப்பை ரசிக்கிறாள் என்று நினைப்பார்கள்.

“இது இல்ல மக்கா” என்பாள்.

நான் அடுத்ததை எடுத்துக் கொடுப்பேன்.