ஒரு முறம் தவிட்டுக்கு

என் மூன்றாவது பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றேன். வாங்கியவர் பக்கத்து வீட்டு அக்கா. இதைச் சொன்னால் இப்போது கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இது அதிசயமே இல்லை. பெற்ற பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதை வேறு வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இது அந்த ராசியில்லாதவள் பிள்ளையில்லை, வேறு யாரோ பெற்றது என்று எமனை ஏமாற்றுகிற ஏற்பாடு. வளர்வதென்னவோ பெற்றவள் மடியில்தான்.

எனக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூத்தது பெண், பதினோரு நாள் இருந்தாள். அடுத்தது பையன், மூன்று மாதம். முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தான். அவன் போன பிறகு அக்கம்பக்கத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது துக்கத்தைவிட ஆத்திரமாக இருக்கும். வாயைத் திறந்து கேட்டுத் தொலையுங்களேன் என்று தோன்றும்.

அறுபதுகளின் நடுவில், வீரபாண்டிப் பக்கம் குடியிருந்தோம். ஒரே வாசலைச் சுற்றி ஆறு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. அதைத்தான் வளவு என்போம். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினார். தைத்து முடித்த பனியன்களைக் கட்டாகக் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து போடுவார். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிரைச் சின்னக் கத்தரியால் வெட்டிச் சுத்தமாக்கிக் கொடுப்பது என் வேலை.

பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் கம்பெனிகளில் கழித்த துணியை வாங்கி விற்கிறவர். அவர்கள் முஸ்லிம்கள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பிள்ளை கிடையாது. இரண்டு ஆடு வளர்த்தார். ஆடுகளுக்கு வைத்திருந்த தவிட்டிலிருந்துதான் என் பையனின் விலை வந்தது.

அவன் பிறந்து தீட்டுக் கழித்த அன்று, அவிநாசிபாளையத்திலிருந்து வந்திருந்த என் அம்மாதான் அக்காவிடம் போய்ப் பேசினார். அக்கா சிரித்தார்.

"தவிட்டுல என்னங்க இருக்குது? குடுக்கறதும் எடுக்கறதும் மேல இருக்கறவன் கையில. அம்மிணி மனசுக்குத் தெம்பா இருக்குமுன்னா வாங்கிக்கறனுங்க."

முறத்தில் தவிட்டைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். காலி முறத்தில் நான் பிள்ளையைப் போட்டேன். அக்கா அவனை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். அவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து என் மடியில் போட்டு, "எம்பட பையனுக்குப் பசிக்குதாட்ட இருக்குது, பால் குடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா ஊருக்குக் கிளம்பும்போது என் காதருகில் வந்து சொன்னார். "பால் குடு, தண்ணி வாத்து உடு, தொட்டல்ல போட்டு ஆட்டு. எம்பட புள்ளைன்னு மட்டும் உன்ற வாயில வரக்கூடாது. வருசம் திரும்பி மொட்டையடிக்கற வரைக்கும் அவன் அவிங்க பையன். கேட்டுதா?"

கேட்டது. அதை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று எனக்குத்தான் தெரியும். தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டியபடியே பிசிர் வெட்டுவேன். பாடும்போதுகூட 'என் கண்ணே' என்று வந்துவிடாமல் வெறும் 'ராரிரோ'வோடு நிறுத்திக்கொள்வேன். பால் கொடுக்கையில் குனிந்து, அவன் காதுக்குப் பக்கத்தில் உதட்டை மட்டும் அசைத்து, சத்தமில்லாமல் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிறகு அதற்கும் பயந்துபோய் விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. தலை நிறையப் பஞ்சுத் தூசியோடு வந்து நின்று, "என்ன, மொதலாளி தூங்கிட்டாரா?" என்பார். கடைசி வரைக்கும் அவனை மொதலாளி என்றேதான் கூப்பிட்டார்.

பையன் தேறினான். மூன்று மாதம் தாண்டிய அன்று நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடியில் போய் அழுதுவிட்டு வந்தேன். ஐந்தில் கவிழ்ந்தான், ஏழில் உட்கார்ந்தான். வெட்டிப்போட்ட பிசிரையெல்லாம் அள்ளி வாயில் வைத்துக்கொள்வான். விரலை விட்டு நோண்டி எடுத்தால் என் விரலைக் கடிப்பான். பனியன் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து ஒன்றுக்குப் போய் ஒரு கட்டு முழுவதையும் நாசமாக்கி, அதைத் துவைத்துக் காயவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. அப்போது வந்த கோபத்தில்கூட ஒரு சந்தோஷம் இருந்தது. பிள்ளை சேட்டை செய்கிற வீட்டில் நான் இருக்கிறேனே.

ஆனால் அக்கா மேல் எனக்கு ஒரு எரிச்சல் வளர்ந்துகொண்டே வந்தது. அதை மறைத்துச் சொன்னால் நான் மனுஷியே இல்லை. தெருவில் யாராவது, "யாரு பையனுங்க?" என்று கேட்டால் நான் விதிப்படி, "அக்கா ஊட்டுப் பையனுங்க" என்பேன். அக்கா உடனே, "ஆமாங்க, எம்பட பையன்தானுங்க. அம்மிணி சும்மா பால் குடுக்கற ஆளு" என்று கேலி செய்வார். முதலில் வேடிக்கையாக இருந்தது. பையன் அவரைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து தாவத் தொடங்கிய பிறகு வேடிக்கையாக இல்லை. ஒருநாள் வெடுக்கென்று, "இன்னும் ரெண்டு மாசந்தானுங்க்கா, அப்புறம் மொட்டையடிச்சுத் திருப்பிக்குவோம்" என்றேன். அக்காவின் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. "ஆமாங்க அம்மிணி, திருப்பிக்கத்தான வேணும்" என்றார்.

அந்த இரண்டு மாதம் முடியவில்லை. நல்ல வெயில் காலம். விடிந்ததிலிருந்து பையனுக்கு வாந்தியும் பேதியும். என் வீட்டுக்காரர் மெஷினுக்கு ஊசி வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தார். அக்காதான் குதிரை வண்டியைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பையன் கண் சொருகிக் கிடந்தான்.

தொற்றுநோய்க்காரர்களுக்குத் தனி வார்டு. ஒரு குழந்தையோடு ஒரே ஒரு ஆள்தான் உள்ளே போகலாம். நர்ஸ் நோட்டைத் திறந்துகொண்டு, "யாரும்மா குழந்தையோட அம்மா?" என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியை நான் எத்தனை முறை திரும்ப வாழ்ந்திருப்பேன்! வாய் திறந்துவிட்டது. பிறகு, முன்னால் போன இரண்டு பிள்ளைகளும் கண்ணெதிரே வந்தார்கள். உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில்தான் எமன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான் என்று நினைத்தேன். பத்து மாதம் காப்பாற்றியதை ஒரு வார்த்தையில் கெடுத்துவிடக் கூடாது. அக்காவைக் கைகாட்டி, "இவிங்கதானுங்க" என்றேன்.

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். "அம்மிணி, என்ன பேசறீங்க? நீங்க உள்ள போங்க."

"பேசாம எடுத்துட்டுப் போங்க்கா. எம்மேல ஆணை."

பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. நர்ஸ் அவசரப்படுத்தினார். அக்கா பையனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவருகில் இருந்த வாட்ச்மேன் என்னை வெளியே வேப்பமரத்தடிக்குப் போகச் சொன்னார்.

வார்டின் ஜன்னல் அந்த மரத்துக்கு நேரே இருந்தது. முதலில் சத்தமே இல்லை. பத்து மணி இருக்கும், ஊசி போட்டிருப்பார்கள் போல, அழத் தொடங்கினான். அழுகிறான் என்றால் தெம்பு வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அழுகை நிற்கவில்லை. எந்த அழுகை எதற்கென்று பெற்றவளுக்குத் தெரியாதா? அது பாலுக்கு அழுகிற அழுகை. எனக்கு மார் கட்டி வலித்தது. ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, முந்தானையைச் சுற்றி மூடிக்கொண்டு நின்றேன்.

மதியத்துக்கு மேல் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். எனக்குக் காட்டினால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார். பையன் என்னைப் பார்த்துவிட்டான். கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு அலறினான். அலறி அலறி இன்னும் சோர்ந்துபோவானே என்று பயந்து, உள்ளே கொண்டுபோகச் சொல்லிக் கையை ஆட்டினேன். அக்கா தயங்கினார். நான் மறுபடியும் ஆட்டினேன். அவனை நான் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

மூன்று மணி வாக்கில் என்னால் முடியவில்லை. எமனாவது ஒன்றாவது என்று வாட்ச்மேனிடம் ஓடினேன். "உடுங்க, அது எம்பட புள்ள. பாலுக்கு அழுவுது. உடுங்க."

அவர் நல்ல மனிதர்தான். "காலையில அவங்கன்னு சொன்னியேம்மா" என்றார். "அம்மான்னு அவங்க உள்ள இருக்காங்க. கொஞ்சம் பொறு, நர்ஸைக் கேட்டுட்டு வர்றேன்."

"எம்பட புள்ளைங்க, நான் பெத்த புள்ளைங்க" என்று கத்தினேன். பத்து மாதமாக வாய்க்குள் வைத்திருந்தது அத்தனையும் அந்தக் கதவடியில் வெளியே வந்தது. நான் கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளே அழுகை நின்றது.

பால் கேட்டு அழுதவன் தூங்கிவிட்டான் என்று சொன்னார் வாட்ச்மேன். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னேன், அவன் போனான். வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன்.

அக்கா அவனை எடுத்துவந்து என் கையில் கொடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரப் பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் சேலையில் என் பையன் வாந்தியெடுத்த கறை அப்படியே இருந்தது. என் ஆத்திரமெல்லாம் அவர் மேல் திரும்பியது. அவர் உள்ளே இருந்தார், நான் வெளியே நின்றேன். நானேதான் அனுப்பினேன் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

"தவுட்டுக்கு வாங்குனீங்களே, காப்பாத்தத் தெரியலையா?" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். என் வாசலில் மூன்று நாள் கூட்டம் இருந்தது. அவர் வாசலில் துக்கம் கேட்க ஒருத்தரும் ஏறவில்லை. பத்து மாதம் அவரை அவன் அம்மா என்று சொல்லிவைத்தவள் நான், நானும் ஏறவில்லை.

அடுத்த மாதமே அவர்கள் தாராபுரத்துக்குக் குடிபோனார்கள். பாத்திரம் பண்டமெல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு என் வாசலில் வந்து நின்று, "போயிட்டு வரனுங்க அம்மிணி" என்றார். நான் பனியனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பேரையும் யாருக்கும் விற்கவில்லை. போனால் போகட்டும் என்கிற வெறியில், எம்பட புள்ளை எம்பட புள்ளை என்று ஊர் கேட்கச் சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது, எழுந்து விளையாடப் போனார்கள். சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வார்த்தை யாரையும் கொல்லவில்லை. ஒரு பொய்யைச் சொல்லி, என் பிள்ளையின் கடைசி ஐந்து மணி நேரத்தை நான்தான் இன்னொருத்தர் கையில் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவன் என்ன செய்தான், யாரைத் தேடினான் என்று தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருத்தர்தான்.

தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "வாங்க அம்மிணி, வாங்க" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். வெயிலில் வந்த களைப்புக்கு மோர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது அது இல்லை.

"அன்னைக்கு உள்ள என்னங்க்கா நடந்துச்சு?"

அக்கா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒன்னும் நடக்கலீங்க அம்மிணி. எந்தோள்ல சாஞ்சு தூங்கிட்டே இருந்தான். தூக்கத்துலயே போயிட்டான். அழுவவே இல்லீங்க."

ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் நின்று அவன் அழுததை ஒன்று விடாமல் கேட்டவள் நான். கேட்டுக்கொண்டு நின்றவளை ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தவர் அவர்.

"அப்படீங்களாக்கா" என்றேன்.

"ஆமாங்க அம்மிணி" என்றார்.