பேத்திக்கு வாங்கிய தனி அறை

என் பேத்தி விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே, விடுதியில் அவளுக்குத் தனி அறை கேட்டு, திண்டிவனத்திலிருந்து மூன்று முறை பஸ் ஏறினேன். நாங்கள் தமிழ்ச் சமணர்கள்; பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். அவளுடன் தங்கியிருந்த மூன்று பெண்களும் மீன் சாப்பிடுகிறவர்கள். அதையே சொல்லிச் சொல்லி வார்டனிடம் கத்தினேன்.

“ஃபர்ஸ்ட் இயருக்குத் தனி ரூம் கிடையாதுங்க. உங்களோட பேஜாராப் போச்சுங்க ஐயா” என்று சலித்துக்கொண்டே அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். “வேணாம் தாத்தா” என்ற பேத்தியை அதட்டி அடக்கினேன்.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பிள்ளை வாடிப்போயிருந்தாள். என்னவென்று கேட்டால் “ஒண்ணுமில்ல தாத்தா” என்று புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பழைய அறைத்தோழி ஜெனிஃபர்தான் சொன்னாள்.

“இவளுக்கு லேப் முடியவே ஆறாவுது தாத்தா. மெஸ் ஏழரைக்குத்தான். முன்னெல்லாம் நான் மெஸ் அக்காவைக் கெஞ்சி, அஞ்சரைக்கே தட்டு வாங்கியாந்து ரூம்ல மூடி வெச்சிடுவேன். இவ வந்து ஜல்தியா சாப்ட்டுடுவா. இப்ப எங்க ரூமுக்கு வரக்கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்களாம். இவ லேப்லேர்ந்து வர்ற வரைக்கும் இவ ரூமும் பூட்டிக் கெடக்குது. பாதி நாள் பட்டினிதான். தட்டை நான் எங்க வைக்கறது?”

அவள் குத்திக்காட்டவில்லை. இடம்தான் கேட்டாள்.

பாதுகாப்புக்கென்று அந்த அறையின் மறுசாவியை நானே வைத்திருந்தேன். அதை எடுத்து ஜெனிஃபர் கையில் கொடுத்து, “பத்திரமா வெச்சுக்கோம்மா, தொலைச்சிடாத” என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் எச்சரித்துவிட்டு பஸ் ஏறினேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.