ஈயத்தாள் போட்ட சுவர்

எங்கள் வீட்டுப் பின்சுவர் அழும். மழைக்கு மட்டுமல்ல, பனிக்கும் அழும். சூரியநெல்லிக்கு மேலே, காற்று நேராக வந்து மோதுகிற தேயிலை எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அந்தக் கல்சுவரில் கை வைத்தால் ஓடைத் தண்ணீரில் வைத்த மாதிரி இருக்கும். அதை ஒட்டித்தான் என் மகள் படுத்தாக வேண்டும். இருந்ததே ஒரு அறை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருசம். அவளுக்கு ஆறு வயசு. குளிர் வந்தால் மூச்சு இழுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பது இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என் வீட்டுக்காரரிடம், இந்த ஈரச் சுவர் ஓரம் கிடந்தால் பிள்ளை தேறாது, கீழே அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டார். கீழே என்றால் மலையடிவாரத்தில் இருக்கும் போடி ஊர். அங்கே என் நாத்தனார் இருந்தார். மார்கழியில் வந்து கூட்டிப்போகிறேன் என்று அவரும் சொல்லி அனுப்பிவிட்டார். எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள், பெற்றவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுவர் சரியில்லை என்றால் சுவரைச் சரி பண்ணாமல் பிள்ளையை எதற்கு ஊர் மாற்ற வேண்டும்?

நான் அப்போது ஃபாக்டரியில் தூள் சலிக்கும் பக்கம் வேலை. சலிக்கும்போது பஞ்சு மாதிரி ஒரு கழிவு ஒதுங்கும். தொட்டால் அவ்வளவு மெத்தென்று, சூடாக இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்துவிட்டதாக நினைப்பு. ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் கேட்டு அந்தக் கழிவையும் உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகையையும் வாங்கி வந்தேன். சுவரை ஒட்டிப் பலகை அடித்து, இடைவெளியில் பஞ்சை வைத்துத் திணித்தேன். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு மெத்தை தைக்கிறாளாம் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

முதல் வாரம் கதகதப்பாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் பலகை ஊறி உப்பியது. வீடு முழுக்கப் புளித்த வாடை. பஞ்சு பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. மகளுக்கு முன்னைவிட அதிகமாக இழுத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். தேயிலை ஈரத்தை இழுக்கும் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாள் முழுக்க அதிலேயே புழங்குகிற எனக்குத் தோன்றாமல் போனதே!

"போதும் புள்ள, விட்டுரு. அக்கா வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. நான் பலகையைப் பிடுங்கி வெளியே எறிந்தேன்.

மறுநாள் பெட்டி அடிக்கும் கொட்டகையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. பெட்டிக்குள் நாலு பக்கமும் ஈயத்தாள் விரித்துத்தான் தேயிலையைக் கொட்டி மூடுவார்கள். கப்பலில் கடல் தாண்டிப் போனாலும் ஒரு சொட்டு ஈரம் உள்ளே போகாது. தேயிலைக்கு இவ்வளவு நல்ல வீடு, அதைச் சலிக்கிறவள் பிள்ளைக்கு அழுகிற சுவர். அந்த எரிச்சலோடே டீமேக்கரிடம் போய்க் கிழிந்த ஈயத்தாள் கேட்டேன். "உன் வீட்டையே பேக் பண்ணப் போறியா?" என்று கேலி பண்ணிக்கொண்டே எடுத்துக்கச் சொன்னார். ஆமாம் என்றேன்.

இந்த முறை உடைந்த பெட்டிகளை அறுத்து, ஆழம் குறைந்த பெட்டிகளாக அடித்தோம். வீட்டுக்காரர் முனகிக்கொண்டேதான் ரம்பம் பிடித்தார். உள்ளே ஈயத்தாள், அதில் கொட்டகையில் இழைத்து விழுந்த காய்ந்த மரச்சுருள். மூடி, இடுக்கெல்லாம் புளியங்கொட்டைப் பசையில் தாள் ஒட்டினேன். சுவரில் படாமல் கட்டை கொடுத்து, பெட்டியின் மேல் பெட்டியாகக் கூரைவரை நிறுத்தினோம்.

மார்கழியில் நாத்தனார் வந்தார். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. அன்றைக்கு அவர் மகளோடு அந்தச் சுவர் ஓரம்தான் படுத்தார். எனக்குத்தான் தூக்கமே இல்லை. காலையில் எழுந்ததும் அவர் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குனிந்து, தூங்குகிற பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இழுப்பே இல்லையே. சுவரும் காஞ்சு கெடக்கு. இவ இங்கயே இருக்கட்டும்" என்றார்.

மகள் விழித்துத்தான் இருந்திருக்கிறாள். எழுந்து கதவு மூலைக்குப் போய், விறகுக்குப் பின்னால் இருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள். உள்ளே அவளுடைய பாவாடை, சிலேட்டு, சீப்பு, என்னுடைய கிழிந்த சேலைத் துண்டு ஒன்று. எப்போது கட்டி வைத்தாளோ, ஒருத்தருக்கும் தெரியாது.

"அப்ப இத பிரிச்சிரட்டுமாம்மா?" என்று கேட்டாள்.